நீர்மட்டம் சீராக உள்ளது

பதிவை முதல்முறை ஓடவிட்டுக் கேட்டபோது அந்தத் தட்டல் அவருக்கு ஒரு குறையாகத்தான் பட்டது, பயமாகப் படவில்லை. "கால்வாய்களில் நீர்மட்டம் சீராக உள்ளது" என்று முடிகிற இடத்துக்கும் "பயணம் இனிதாகட்டும்" என்று தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் அவர் எப்போதும் ஒரு மூச்சு நேரம் விடுவார். கேட்பவர்கள் நெகிழ்ந்துகொள்வதற்காக விடப்படும் இடைவெளி அது. அந்த இடைவெளிக்குள் யாரோ இரும்பை இரும்பால் தட்டியிருந்தார்கள். இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

ரசனை கெட்ட ஆள் யாரோ, என்று நினைத்துக்கொண்டு அழித்தார்.

அவர் நீர்வழித் துறையின் செய்தி அலுவலர். மாலையானால் எல்லா மதகுகளிலும் படகுத்துறைகளிலும் ஒலிபெருக்கி வழியாக அவர் குரல்தான் வரும். எந்தக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர், எங்கே தூர் வாருகிறார்கள், எந்தப் பாலம் பழுது, எந்த அதிகாரி எதைத் திறந்துவைத்தார். கெட்ட செய்தி என்று ஒன்றை அவர் வாசித்ததே கிடையாது. அவர் வாசிப்பில் படகுகள் மூழ்கியதில்லை, 'தற்காலிக ஓய்வில்' இருந்தன. கரை உடைந்ததில்லை, தண்ணீர் 'வயல்களைச் சென்று சந்தித்தது'. ஒருமுறை மதகுக் கம்பியில் ஒரு பிணம் வந்து சிக்கியபோது, 'மிதவைப் பொருள் ஒன்றினால் போக்குவரத்தில் சிறு தாமதம்' என்று வாசித்தார். அதற்காக இயக்குநர் கையால் வாங்கிய கேடயம் இன்றைக்கும் தொலைக்காட்சிக்கு மேலே நிற்கிறது. படகுக்காரர்கள் அவருக்கு 'சீராக உள்ளது' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "அதோ, சீராக உள்ளது வராரு பாரு" என்பார்கள். மரியாதையில்தான் சொல்கிறார்கள் என்று அவர் நம்பினார்.

துறை அவருக்கு ஒலிப்பதிவுக் கூடம் கட்டித் தருவதாக அடிக்கல் நாட்டியிருந்தது. கல் நன்றாகவே இருக்கிறது. கட்டடம் வருகிறவரைக்கும், மதகை ஒட்டிய அரசுக் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையையே கூடமாக்கிக்கொண்டார். நாலு சுவரிலும் கதவின் உள்பக்கத்திலும் பழைய மெத்தைகளை வைத்து அடித்தார். நடுவில் மேசை, மைக், காதில் மாட்டுகிற கருவி. கதவைச் சாத்திவிட்டால் உள்ளேயிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. மனைவியை வெளியே நிறுத்தி அதைச் சோதித்தும் பார்த்தார். தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தபோது அவள் அமைதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே கேக்கலல்ல? பாத்தியா தரத்த!"

"எனக்கென்னங்க, நீங்க கதவ சாத்தாம கூப்பிட்டாலே கேக்காது."

அவள் தம்பி காணாமல் போவதற்கு முன்னால் அப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை வாசித்துக் கேட்டார். அதே இடைவெளி. அதே தட்டல். இந்தமுறை கொஞ்சம் கிட்டத்தில்.

கதவைத் திறந்து, "என்னத்தைத்தான் போட்டுத் தட்டிக்கிட்டு இருக்க?" என்றார்.

அவள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி போனதிலிருந்து மாலையில் அங்கேதான் உட்கார்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மதகும், படகுகளை ஏற்றி இறக்குகிற பெரிய தொட்டியும், அதில் பச்சை பிடித்து அசையாமல் நிற்கும் தண்ணீரும் தெரியும். மடியில் கை இரண்டும் சும்மா கிடந்தன. அடுப்பு அணைந்திருந்தது.

"நான் எதையும் தட்டல" என்றாள், திரும்பாமல்.

வீட்டில் ஏதோ வாடை அடித்தது. ஊறிய மண்ணும் பழைய கிரீஸும் கலந்த வாடை. மச்சினன் மதகு வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது வருகிற வாடை. "கை கழுவிட்டு வா மாப்ளே, நாற்காலியில அப்பிடாத" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே, "நீங்க வாய் கழுவிட்டு வாங்க மாமா, நாங்க எவ்வளவு பொய்யத்தான் கேக்கிறது" என்பான். வேலை வாங்கிக் கொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா அது?

மூன்றாம் முறை அவர் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார். பதிவில் அந்த இடைவெளியையே வெட்டி எறிந்துவிட்டு, முன்வரியையும் பின்வரியையும் ஒட்டவைத்தார். சீராக உள்ளது பயணம் இனிதாகட்டும். நெகிழ இடமில்லை. பரவாயில்லை. தட்டவும் இடமில்லை.

அப்போதுதான் வாசலில் மதகுக்காரர் வந்து நின்றார். மதகுச் சக்கரத்தைத் திருப்புகிற வேலை அவருடையது. அதிகம் வாய் திறக்காத மனிதர். செய்தி அலுவலரைப் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய், துணியில் சுற்றிய ஒன்றை அவள் கையில் கொடுத்தார். தம்பியின் ஸ்பேனர். பிடியில் சிவப்பு வயர் சுற்றியிருந்தது.

"மதகுக் கதவு இடுக்குல சிக்கியிருந்துச்சும்மா. அடைப்பு எடுக்கும்போது வந்துச்சு."

அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். மதகுக்குக் கீழ ஒரு இரும்பு அறை இருக்கு, பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போட அவன் அதுக்குள்ளதான் இறங்குவான். சக்கரத்தத் திருப்புறதுக்கு முன்னால நான் மேலேருந்து தட்டுவேன். உள்ள ஆளிருந்தா திருப்பித் தட்டணும். ரெண்டு, விட்டு ஒண்ணு. தட்டு வந்தா திருப்ப மாட்டேன். எங்க வேலையில அதான் எழுதாத சட்டம். சக்கரத்துக்கு மோட்டார் வச்சுத் திறப்பு விழா நடந்த அன்னைக்கும் தட்டினேன். பதில் வந்துச்சா வரலையான்னு எனக்குத் தெரியாதும்மா. ஸ்பீக்கர் அலறிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்தச் சொல்லி மேடையப் பாத்துக் கையக் காட்டினேன். அதுக்குள்ள மந்திரி பொத்தான அமுக்கிட்டாரு, சக்கரம் தானா சுத்திருச்சு."

அவள் முதல்முறையாகக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூட்டத்துல ஆயிரம் பேரு கைய ஆட்டுவாங்க, நான் யாரன்னு பாக்கிறது?" என்றார் செய்தி அலுவலர்.

பார்த்திருந்தார். உள்ளங்கையை விரித்து, நிறுத்து நிறுத்து என்று ஆட்டிய கை. ஆனால் அவர் வர்ணனையின் உச்சத்தில் இருந்தார், 'வளத்தின் கதவுகள் திறக்கின்றன' என்ற வரிக்குப் பக்கத்தில். அந்தக் கையசைப்பை வாழ்த்தாக ஏற்றுக்கொண்டு, மேடையிலிருந்து அழகாகத் திருப்பிக் கையசைத்தார். அடுத்த நாள் மாலை, 'ஊழியர் ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிச் சென்றார்' என்று வாசித்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு ஏதோ படகில் ஓடிவிட்டான் என்று வீட்டில் சொன்னார்.

"தொட்டிய வடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றார் மதகுக்காரர். "ஆனா படகு வரப்போக இருக்கும்போது வடிக்க முடியாது. தொட்டி மூடியிருக்குன்னு சார் அறிவிப்புல ஒரு வரி சொன்னாப் போதும். படகெல்லாம் அங்கங்க நின்னுடும்."

"ஒரு வரிதாங்க" என்றாள் அவள். "எம் தம்பி அடியில கெடக்கான். ஒரு வரி சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். நான் என்ன மனுஷன் இல்லையா?"

அவர் மனுஷன்தான். கூடவே, நாளை காலை 'விபத்தில்லா நீர்வழி' விருது வாங்கப்போகிற துறையின் அலுவலர். அதற்கடுத்து துணை இயக்குநர். கதவைச் சாத்தி உட்கார்ந்ததும் தலைமைப் பொறியாளர் போனில் வந்தார்.

"என்னய்யா, எல்லாம் எப்படி இருக்கு?"

"சீரா இருக்கு சார்."

"அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மந்திரி அந்தத் தொட்டியிலதான் படகு விடுறாரு."

போனை வைத்தார். மைக்கைப் பார்த்தார். ஒரு வரி. அவ்வளவுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்லலாம். பிறகு அவர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு, வெட்டி ஒட்டிய பழைய பதிவை ஓடவிட்டார்.

வெளியே, தொட்டிக்கரையில், ஊர் முழுக்க, அவர் குரல் எழுந்தது. காதுக் கருவியில் அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார். நல்ல குரல். அந்தக் குரலில் எது சொன்னாலும் நடந்ததாகிவிடும், நடக்காததாகவும் ஆகிவிடும். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த வரி வருமென்று கடைசிவரைக்கும் காத்திருப்பாள். வராது. அழுவாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். நீர்மட்டம் சீராக உள்ளது பயணம் இனிதாகட்டும்.

வாசல் கதவு திறந்து மூடியது தரையில் அதிர்வாகத் தெரிந்தது. இரண்டு பேருடைய நடை, மதகுப் பக்கமாகப் போனது.

பதிவு நிற்கவில்லை. முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தது.

பொத்தானை அமுக்கினார். ஓடியது. வயரைப் பிடுங்கினார். ஓடியது. அப்போதுதான் காலுறை ஈரமாக இருப்பதை உணர்ந்தார். குளியலறைக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று எரிச்சலோடு கதவடியைப் பார்த்தார். கதவடி காய்ந்துதான் இருந்தது. தண்ணீர் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது. மெத்தைகளின் தையல்களில் முத்து முத்தாகப் பூத்து, வடிந்து, பச்சை நாற்றத்தோடு, யாரோ மறுபக்கத்தில் நின்று பிழிகிறமாதிரி.

எழுந்து கதவை இழுத்தார். உள்பக்கத்து மெத்தை ஊறி, உப்பி, சட்டத்தை இறுக்கியிருந்தது. தோளால் முட்டினார். தோள் அதற்குள் புதைந்தது. விளக்கு ஒருமுறை மங்கி, பிறகு இல்லை.

இருட்டு. கிரீஸ் வாடை.

முழங்கால் வரைக்கும் குளிர்.

சுவரைத் தடவினார். மெத்தைக்குப் பின்னால் செங்கல் இருக்கவேண்டிய இடத்தில் ஆணிகள். ஆணியல்ல. வரிசையாகத் தலை தூக்கிய போல்ட்டுகள். கை மேலே போனது. அங்கேயும் மெத்தை, அதற்குப் பின்னால் இரும்பு. கூரை குனிந்து வந்திருந்தது.

அப்போது மேலேயிருந்து வந்தது.

டண். டண்.

டண்.

ஸ்பேனர். இரும்பின்மேல் இரும்பு. காதுக்குள் அடித்தது போல.

"தம்பி..." அவள் குரல். எங்கோ உயரத்தில், தண்ணீருக்கு அந்தப்பக்கம். "உள்ள இருக்கியாடா? இருந்தாத் தட்டுடா."

தட்டினார். இரண்டு கையாலும். அவர் கை பட்ட இடமெல்லாம் மெத்தை. தடித்த, ஊறிய, தரமான மெத்தை. சத்தமே வரவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். மெத்தை குடித்தது.

இடுப்பு. மார்பு.

"ஸ்பீக்கர் சத்தத்துல ஒண்ணும் புரியலம்மா" என்றார் மதகுக்காரர். "கொஞ்சம் ஓயட்டும். அந்த ஆளு நடுவுல மூச்சு விடுவாருல்ல, அப்பக் காத வச்சுக் கேளு."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். தன் குரல் நெருங்கி வருவதைக் கேட்டார். தூர் வாரும் பணி. பாலப் பழுது. இதோ. நீர்மட்டம் சீராக உள்ளது பயணம்

இல்லை. இடைவெளி இல்லை. அதை அவர்தான் வெட்டி எறிந்திருந்தார்.

"பதில் இல்லண்ணே" என்றாள் அவள், குரல் உடைந்து. "திருப்புங்க, தொட்டி வடியட்டும்."

கழுத்து.

இருட்டில் ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. ஊறிச் சுருங்கிய விரல்கள், நகக்கண்ணில் கிரீஸ். இழுக்கவில்லை, அமுக்கவில்லை. புது ஆளுக்கு வேலை பழக்குகிற பொறுமையோடு அவர் கையைத் தூக்கிச் சுவரில் வைத்துத் தட்டவைத்தது. இரண்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்று.

சத்தம் வரவில்லை.

மேலே சக்கரம் முனகித் திரும்ப ஆரம்பித்தது. கை மறுபடியும் அவர் கையைத் தூக்கியது. இரண்டு. விட்டு ஒன்று. தண்ணீர் உதட்டைத் தொட்டது. ஊர் முழுக்க, எல்லா மதகுகளிலும், எல்லாத் துறைகளிலும், இடைவெளியே இல்லாமல் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: நீர்மட்டம் சீராக உள்ளது.