எட்டு மூலை வெளிச்சம்

‘டமார்...!’

சத்தம் கேட்டதும் சிவகாசியே வானத்தைப் பார்த்தது. புகை எந்தப் பட்டாசு ஆலைப் பக்கம்...? தாயில்பட்டியா? அச்சங்குளமா?

இரண்டும் இல்லை.

புகை கடைவீதிக்குள்ளேயே எழுந்தது. ஹரிஷ்குமாரின் போட்டோ ஸ்டூடியோ மாடியிலிருந்து!

கூடவே ஓர் அலறல்... அவன் மனைவி யோகேஸ்வரியுடையது.

இன்ஸ்பெக்டர் பலவேசம் மாடியேறியபோது, போஸ் கொடுப்பவர்கள் உட்காரும் ஸ்டூலுக்குக் கீழே ஹரிஷ்குமார் கிடந்தான். உயிர் இல்லை. கையில் கேமராவின் ரிமோட். அவனுக்கு மேலே சாய்ந்து நின்றது ஓர் எலும்புக்கூடு. துணியெல்லாம் எரிந்து, எட்டுக் கம்பிகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

சாஃப்ட்பாக்ஸ்!

ஆளுயர அகலம். எட்டு மூலை. உள்ளே பல்ப், முன்னால் வெள்ளைத் துணி. துணி வழியே வரும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். ஆனால், முகத்துக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தினால்தான் அந்த மென்மை. தள்ளி வைத்தால் வெளிச்சம் முரடாகிவிடும்.

அந்த ஒரு கை தூரம்தான் ஹரிஷ்குமாரைக் கொன்றிருந்தது. பல்புக்குப் பக்கத்தில் யாரோ பட்டாசு மருந்து வைத்திருந்தார்கள். பலவேசம் யோகேஸ்வரி பக்கம் திரும்பினார்.

“நேத்து தெருவுல நின்னு, அந்த லைட்டக் கொளுத்திருவேன்னு கத்துனீகளாமே?”

யோகேஸ்வரி மறுக்கவில்லை. அந்த லைட்டு வந்த நாளிலிருந்து அதன் கீழே உட்கார்ந்தது எழில் ஒருத்திதான் என்றாள். தீபாவளிக்கு வீட்டில் எந்தப் பட்டாசுப் பெட்டியைப் பிரித்தாலும் லேபிளில் எழில் சிரிப்பாளாம்.

“எம் மூஞ்சில அந்த வெளிச்சம் ஒரு நாளும் விழுகல சார்.”

“அதான் எழிலுக்கு வச்சீக. புருஷன் மாட்டிக்கிட்டாரு.”

மூலையில் நின்று எழில் விசும்பினாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து நிரப்பிக்கொண்டிருந்த பெண். லேபிளில் முகம் வந்த பிறகு வேலையை விட்டுவிட்டாள். இன்று காலை தனக்குத்தான் ஷூட்டிங், பஸ் பிந்தியதால் பிழைத்ததாக ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

“கிளம்புங்கம்மா. ஸ்டேஷனுக்குப் போவோம்.”

பெண் போலீஸ் பஞ்சம்மாள் யோகேஸ்வரியின் கையைப் பிடித்தாள். இந்தப் படியில் இறங்கினால் ஜெயில்தான்... யோகேஸ்வரிக்குத் தெரிந்தது.

வாசலில் சட்டென்று நின்றாள்.

நிலையோரத்து ஆணியில், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த சேஃப்டி பின்கள் தொங்கின.

“சார்... இது எழிலோட பின்னு.”

“எப்படிச் சொல்றீக?”

“கொசுவத்துக்கு நாலு. தோளுக்கு ரெண்டு. இந்தா, நீலப்பாசி வச்சது மாராப்புக்கு. எம் புருஷன் அவளப் பாத்ததவிட நாந்தான் சார் ஜாஸ்தி பாத்திருக்கேன்.”

எழில் அவசரமாகக் குறுக்கிட்டாள். “நேத்து ஷூட்டிங்ல கழட்டி மாட்டுனேன் சார். மறந்துட்டேன்.”

பலவேசம் பின்களையே பார்த்தார். பிறகு அவளை.

“போட்டோவுக்கு உக்கார்றப்ப சேல நழுவாம இருக்க, பின்னு கூடுதலாத்தாம் குத்துவாக. எவளும் கழட்ட மாட்டா. நம்ம பக்கத்துல பொம்பளைக பின்னக் கழட்டி வாசல்ல மாட்டுறது ஒரே எடத்துக்குப் போறப்பத்தான். மருந்து ரூமுக்கு!”

எழிலின் பார்வை படிக்கட்டுப் பக்கம் போனது.

“இரும்பு உரசுனா பொறி வரும்னு உனக்குப் பழகிக் கெடக்கு. மருந்தத் தொடுறதுக்கு முந்தி, கை தன்னால பின்னுக்குப் போயிருச்சு... இல்லியா புள்ள?”

எழிலின் கை, தன்னை அறியாமல் தோளுக்குப் போய் நின்றது.

உடைந்தாள்.

“சாரக் கொல்லணும்னு நெனக்கல! இன்னிக்கு அந்த ஸ்டூல்ல உக்கார வேண்டியது அவரில்ல... இந்தக்கா!”

யோகேஸ்வரி திகைத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் ஹரிஷ்குமார்தான் எழிலிடம் சொன்னானாம். புது லேபிளுக்கு அவன் மனைவி முகத்தைக் கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது. காலையில் திடீரென்று மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கப் போகிறான். அதுவரை அவளுக்குத் தெரியக்கூடாது!

இன்று காலை அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், பழைய கம்பெனியிலிருந்து ராத்திரி எடுத்துவந்த மருந்தை எழில் லைட்டுக்குள் வைத்துவிட்டாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் கொல்லைப்புறப் படி வழியாக ஓடினாள். பின்கள் ஆணியிலேயே தங்கிவிட்டன.

மனைவியைக் கூப்பிடுவதற்கு முன்னால், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவனே உட்கார்ந்திருக்கிறான்.

யோகேஸ்வரி அந்த எட்டுக் கம்பிகளை வெகு நேரம் பார்த்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே இந்த மனுசன்...”

ஸ்டேஷனில், ரெக்கார்டுக்காக எழிலைச் சுவரோரம் நிறுத்தி போட்டோ எடுத்தாள் பஞ்சம்மாள். எழில் கண்ணைத் துடைத்தாள். முடியை ஒதுக்கினாள். இடது கன்னத்தைக் காட்டித் திரும்பினாள்.

“இந்தப் பக்கம் எடுங்கக்கா. எனக்கு இதுதான் எடுப்பா இருக்கும்.”

பலவேசம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

“நேரா நில்லு புள்ள. இந்தப் போட்டோவுக்கு உங்கூட எவளும் போட்டிக்கு வரமாட்டா!”