சாமியறைக்குள் போன பெட்டி

தீப்பெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான், இன்றைக்கு விளக்கேற்ற முடியாது என்பது தங்கமுத்துவுக்கு நினைவு வந்தது. முதல்நாள் பின்னேரம் நீர்வேலியில் பஞ்சலிங்கம் காலமாகிவிட்டார். கணவர் நடராசாவுக்கு அவர் பெரியப்பாவின் மகன். வீடு முழுக்கத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை சாமியறைப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது. கூடவே இருக்கும் நடராசாவின் தமக்கை குணலட்சுமி, செய்தி வந்த கையோடு அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிவிட்டார்.

குணலட்சுமியின் ஆசாரம் ஊரறிந்தது. ஒருமுறை செத்தவீட்டுக் கூரையிலிருந்து பறந்த காகம் ஒன்று அவருடைய முற்றத்தில் இறங்கிவிட்டது. அதைப் பிடித்து, தலைக்குத் தண்ணீர் வார்த்து, மஞ்சள் தெளித்துத்தான் அனுப்பினார். காகமும் மறுப்புச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அது வெள்ளிக்கிழமைகளில் மீன் மச்சம் தொடுவதில்லை என்று அயலவர்கள் சொல்கிறார்கள்.

அந்த வீட்டில்தான் தங்கமுத்து முப்பத்தைந்து வருடமாக வாழ்ந்தாள். அவ்வளவு காலமும் அவள் பேசிய சொற்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கல்யாணக் கார்ட்டுக்கும் காணாது. மற்றவர்கள் பேசி முடித்த பிறகு அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. சாமியறை மட்டும்தான் அவளுடையது. அவள் விளக்கோடு நிற்கும் நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. நடராசாவே தேத்தண்ணி கேளாமல் பொறுத்திருப்பார்.

"மாமி."

மருமகள் தக்சாயினி குசினி வாசலில் நின்றாள். ஒரு கை நிறைமாத வயிற்றில், மற்றக் கை கதவு நிலையில்.

"அந்தப் பெட்டி எங்கை?"

பெட்டி கொழும்பிலிருந்து வந்தது. பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடியில் இருக்கும் இரத்தத்தை எடுத்து, உறைகுளிரில் வருடக்கணக்காகச் சேமித்து வைக்கும் கொம்பனி ஒன்று அனுப்பியது. உள்ளே ஒரு வெறும் பை, ஒரு குழாய், ஒரு ஊசி. அந்த வெறும் பையைப் பற்றி அந்த வீட்டில் நடந்த பேச்சு ஒரு தேர்தலுக்குக் காணும்.

"பிள்ளையின்ரை இரத்தத்தை ஆரோ ஒருத்தன்ரை பிறிச்சுக்குள்ளை கொண்டுபோய் வைக்கிறதோ?" என்று தொடங்குவார் நடராசா. "டொக்டரே சொல்லுறா, உது அநேகமாப் பாவிக்க வேண்டி வராது எண்டு."

"என்ரை தம்பிக்கு வேண்டி வந்தது, மாமா" என்பாள் தக்சாயினி.

கீர்த்திகன். ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை கொடுக்கப் பொருந்துகிற ஒருவரைத் தேடினார்கள்... தேடிக்கொண்டே இருந்தார்கள்... தேடல் முடிய முதல் அவன் முடிந்துபோனான். அந்தப் பெயர் வந்தால் நடராசாவும் வாயை மூடிக்கொள்வார். மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார். மகன் பிரகலாதன் தகப்பனுக்கும் தலையாட்டி, மனைவிக்கும் தலையாட்டி, கடைசியில் கழுத்துப் பிடித்துக்கொண்டு மருதனார்மடத்தில் ஒரு நாட்டு வைத்தியப் பரியாரியிடம் எண்ணெய் பூசிக்கொண்டான்.

முடிவு ஒன்றும் வரவில்லை. பெட்டி மட்டும் காணாமல் போனது.

"நேற்று முழுக்கத் தேடினன், மாமி. அலுமாரியிலை இல்லை. நீங்கள்தானே எடுத்தனீங்கள்?"

"சாமியறைக்குள்ளை இருக்கு, பிள்ளை."

"பூட்டின அறைக்குள்ளையோ?" தக்சாயினியின் குரல் உடைந்தது. "மாமா சத்தம் போட்டார். பெரிய மாமி முகத்தைத் திருப்பினா. அதையெல்லாம் தாங்கினன். நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருந்தபடியால் என்ரை பக்கம் எண்டு நினைச்சன்... உங்களுக்கு விருப்பமில்லை எண்டால் முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாமே. ஏன் ஒளிச்சனீங்கள்?"

தங்கமுத்து வாய் திறந்தாள். பழக்கமில்லாததால் சொல் வந்து சேர நேரமெடுத்தது. அதற்குள் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது.

"இன்னும் ரண்டு கிழமை கிடக்கே" என்றார் நடராசா, பிள்ளை ஏதோ வேறு வீட்டுக்குப் போகவேண்டிய திகதியில் இங்கே வந்துவிட்டது போல.

பிரகலாதன் செத்தவீட்டிலிருந்து வாடகை வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். தக்சாயினி வானின் கதவைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தாள்.

"பெட்டி இல்லாமல் நான் வரேல்லை."

"தக்சா, இப்ப அதைப் பற்றிக் கதைக்கிற நேரமே?"

"எடுக்கிறதோ விடுறதோ, அதை அங்கை போய்ப் பாப்பம். பெட்டி என்னோடை வரவேணும்."

துடக்கு இல்லாத ஒருவர் போய் எடுத்துத் தந்தால் காணும். ஆனால் அந்த ஒழுங்கை முழுக்கப் பஞ்சலிங்கத்தின் இரத்த உறவு. கடைசித் தொங்கல் வீட்டு ஆட்டுக்கும் துடக்கு என்று பேச்சு. மின்கம்பத்தைத் தவிர்த்தால், எஞ்சியது மூலைவளவு வேதக்காரர் சந்தியோகு ஒருவர்தான். அவர் குடும்பத்தோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார்.

"மச்சாள், திறப்பைத் தாங்கோ."

நடராசா திரும்பி, பேசியது யார் என்று ஒழுங்கையைப் பார்த்தார். பேசியது தங்கமுத்து.

குணலட்சுமி இடுப்பைப் பொத்திப் பிடித்தார். "உனக்கு விசரே? செத்தவீட்டுத் துடக்கோடை உள்ளை போகப்போறியோ?"

"ஓம்."

"நல்லா யோசிச்சுக்கொள், தங்கமுத்து. அந்தப் படியைத் தாண்டினால், நான் உயிரோடை இருக்கும் வரைக்கும் இந்த வீட்டிலை நீ விளக்கு வைக்கேலாது."

அந்த வீட்டில் தங்கமுத்துவிடமிருந்து பறிக்கக்கூடியதாக அது ஒன்றுதான் இருந்தது. குணலட்சுமிக்கு அது வடிவாகத் தெரியும். தங்கமுத்து மருமகளைப் பார்த்தாள். அடுத்த நோவு வந்து, அந்தப் பெண் கதவோடு வளைந்துகொண்டிருந்தாள்.

"சரி, மச்சாள். இனி நீங்களே கொளுத்துங்கோ."

திறப்பு கைமாறியது. கதவு திறந்தது. வலது காலை முன்வைத்துப் படியைத் தாண்டினாள். திரும்பி வரும்போதும் வழக்கம்போல் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தாள். கையில் பெட்டி.

பெட்டியின் மூடியில் மூன்று விரல் திருநீறு. அதன்மேல் நேற்றுக் காலை வைத்த நந்தியாவட்டை, ஓரம் வாடிப்போய்.

"அம்மா... உதுக்குப் பூசையே செய்தனீங்கள்?" என்றான் பிரகலாதன்.

"பிறிச்சுக்குள்ளையும் வைக்கக்கூடாது, வெக்கையிலையும் வைக்கக்கூடாது எண்டு கொண்டுவந்த பெடியன் சொன்னவன். குளிர்ச்சியான அறை இது ஒண்டுதானே." சற்று நின்று, "வைச்சதுதான் வைச்சன், ஒரு பூவும் வைச்சன்" என்றாள்.

தக்சாயினி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். நோவுக்கு அழாதவள், வானுக்குள் மாமியின் தோளில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழுதாள்.

"நான் என்னவெல்லாம் சொல்லிப்போட்டன், மாமி... நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான், பிள்ளை. தண்ணி உடைஞ்சிட்டுது."

தக்சாயினி பிடித்த மாமியின் கையை ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. இரண்டு தாதிகள் இழுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது தாதி வந்தும் சரிவரவில்லை. கடைசியில் இருவருக்கும் பச்சை உடுப்புப் போட்டு ஒன்றாகவே உள்ளே விட்டார்கள்.

பெண்பிள்ளை. வழுக்கிக்கொண்டு வந்து, வெளிச்சத்தைப் பார்த்து முகம் சுளித்து, பிறகு கத்தியது. டொக்டர் மார்கிரட் பிள்ளையைத் துடைத்துத் தாயின் வயிற்றின்மேல் வைத்தார்.

தங்கமுத்து அப்போதுதான் கொடியைக் கண்டாள்.

அவளும் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் பெறுகிறவளுக்கு இதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. விரல் தடிப்பில், முறுக்கிய கயிறுபோல், நீலமும் வெண்மையுமாக ஈரத்தில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. பிள்ளை வெளியே வந்துவிட்டது, அழுதும்விட்டது. கொடி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு... துடிப்பு... துடிப்பு. உள்ளே யாரோ இருந்து, போகிற பிள்ளைக்கு அவசர அவசரமாகக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்புவது போல.

"தக்சாயினி, முதலும் கேட்டனான், நீங்கள் முடிவு சொல்லேல்லை" என்றார் டொக்டர். கொடியை இறுக்கும் கிளிப் அவர் கையில் இருந்தது. பக்கத்தில் பை தயாராக இருந்தது. "இப்ப இறுக்கினால் பை வடிவா நிறையும். பொறுத்தால் இதிலை கனக்கப் பிள்ளைக்குள்ளை போகும். பைக்குக் குறையும். சேமிக்கிறதுக்குப் போதாமலும் போகலாம்."

தம்பியின் முகம் தக்சாயினியின் கண்ணுக்குள் வந்துபோவதை வெளியே நின்று பார்க்கலாம் போலிருந்தது. பையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தினாள்.

"மாமி, நீங்கள் சொல்லுங்கோ."

அந்தக் குடும்பத்தில் யாரும் தங்கமுத்துவிடம் எந்த முடிவையும் கேட்டதில்லை, சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்பதைத் தவிர. இந்த முறை சொல் தாமதிக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, டொக்டர். பிள்ளை இன்னும் குடிச்சு முடியேல்லை."

டொக்டர் தாயைப் பார்த்தார்.

"பொறுப்பம்" என்றாள் தக்சாயினி. அவள் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வழிந்தது. "மிச்சமிருந்தால் பைக்கு எடுப்பம். முதலிலை அவள் எடுக்கட்டும்."

டொக்டர் கிளிப்பைத் தட்டில் வைத்தார். தாதி ஒருத்தி ஏதோ எடுக்கக் கிளம்பியவள், எடுக்காமல் நின்றாள். எல்லோரும் அந்தச் சிறு கயிற்றையே பார்த்தபடி நின்றார்கள், தேர் இருப்பிடத்துக்கு வரும்போது சனம் நிற்பது போல. கொடியின் அடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. நீலம் போனது. பிள்ளையின் முகம் சிவந்தது, பிறகு உடம்பு, பிறகு உள்ளங்கால். கடைசியில் கொடி வெளிறி, தொய்ந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு ஓய்ந்தது.

அதன் பிறகுதான் கிளிப் போட்டார்கள். மிஞ்சியிருந்த இரத்தம் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் பைக்குள் இறங்கியது. டொக்டர் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாதிக்குக் கிட்ட இருக்கு. காணுமோ எண்டு கொழும்பிலைதான் சொல்லுவினம். அனுப்பட்டோ?"

"அனுப்புங்கோ, டொக்டர். காணுமெண்டால் வைக்கட்டும். இல்லாட்டி..." தக்சாயினி பிள்ளையின் தலையை முகர்ந்தாள். "இல்லாட்டி எல்லாம் அவளுக்குள்ளைதானே இருக்கு."

இவ்வளவு நேரமும் பிடித்திருந்த மாமியின் கையை அவள் மெதுவாக இழுத்தாள். அதைப் பிள்ளையின் நெஞ்சில், உள்ளங்கை படும்படி வைத்தாள்.

தங்கமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கையின் கீழே, கொடியில் நின்றுபோன அதே அடி, பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தது.