மூக்காயி செத்த நேரம்

மதுரைவீரன் படியேறி வந்தபோது பகல் மணி பன்னிரண்டரை. கையில் ஒரு மஞ்சள்பை. பைக்குள் செத்துப்போன தங்கச்சியின் போட்டோ.

திருக்கோகர்ணத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில்தான் அந்த உள்ளூர் டிவி நடந்துகொண்டிருந்தது. டிவி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கேமரா, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் குன்றும் கோயிலும் அச்சடித்த ஒரு துணி. அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒருத்தி வாசித்தால் ஊரே நம்பிவிடும். ஊருக்குப் புத்தி அவ்வளவுதான்.

வாசிக்கிறவள் சுடர்விழி. வயது முப்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்ற கவலையும் இல்லை. செய்தி சேகரிப்பது, எழுதுவது, வாசிப்பது எல்லாம் அவளே. அன்று அவளுக்கு அங்கே கடைசி நாள். மறுநாள் சென்னையில் ஒரு பெரிய சேனலில் போய்ச் சேர வேண்டும்.

கேமராக்காரர் நாகராசு காலையிலிருந்தே வம்பிழுத்துக்கொண்டிருந்தார். “அங்கிட்டுப் போயாவது ஒரு மாப்பிள்ளையப் பாரு சுடரு. கேமராவையே பாத்துக்கிட்டிருந்தா அது வந்து தாலி கட்டுமா?”

“அது வாயை மூடிக்கிட்டாவது நிக்கிதுண்ணே. ஒங்களை மாதிரி ஒண்ணு வந்து வாச்சா நான் என்ன பண்றது?”

அந்த நேரத்தில்தான் மதுரைவீரன் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். சுடர்விழியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மூக்காயி.

“இன்னைக்கு வருசத் திதி தாயி. ஒரு மணிச் செய்தியில கண்ணீர் அஞ்சலி வாசிக்கணும். நேரத்தையும் சேத்துச் சொல்லிரு. பகல் ஒண்ணு ஏழு. நீ டிவில சொன்ன நேரந்தான்.”

போன வருசம் நடவுக்குப் பொம்பளைகளை ஏற்றிப்போன வண்டி நார்த்தாமலைப் பக்கம் கவிழ்ந்தது. ஐந்து பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஆறாவது ஆள் மூக்காயி. ஆசுபத்திரியிலிருந்து போனில் பேசினவன், “அந்தம்மா தேறாதுங்க” என்றான். வேறு டிவிக்காரன் முந்திவிடுவானோ என்று சுடர்விழிக்குப் பொறுக்கவில்லை. ஆறு பேர் பலி என்று பேரோடு வாசித்துவிட்டாள். அப்போது மணி ஒன்று ஏழு.

மூக்காயி செத்தது சாயங்காலம் ஐந்து பத்துக்கு. நாலு மணி நேரம் உயிரோடு கிடந்தவளை ஊர் முழுக்கச் சாகடித்தாயிற்று.

திருத்தம் வாசிக்கட்டுமா என்று முதலாளி ஆனந்தராஜிடம் கேட்டாள். “அதான் பொழுதுக்குள்ள உண்மையாயிருச்சேம்மா. அப்புறம் என்ன திருத்தம்?” என்றார். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முதலில் சொன்னது இவள்தான் என்று அந்தச் செய்தியைப் பார்த்துத்தானே சென்னைக்காரர்கள் கூப்பிட்டார்கள்?

“அன்னைக்கு ரத்தம் குடுக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன்” என்றார் மதுரைவீரன், யாரும் கேட்காமலே.

சுடர்விழி நிமிர்ந்தாள்.

“எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்பு. லேசுல கெடைக்காத குரூப்பாம், ஒடனே வான்னாங்க. திருச்சி ரோட்டு டீக்கடையில ஒரு வாய்த் தண்ணிக்கு நின்னேன். டிவில நீ வாசிக்கிறே. போனை அங்கனயே ஓங்கி அடிச்சேன், செதறிப்போச்சு. இனி யாருக்கு ரத்தம்னு வண்டியத் திருப்பிட்டேன். பந்தலுக்குச் சொல்லணும்ல.”

இது அவளுக்குத் தெரியாது. இந்த ஒரு வருசமும் தெரியாது.

“ஆசுபத்திரிக் காயிதத்துல நேரம் போட்டிருப்பாங்களே?” என்றாள்.

“எனக்கு எங்க படிக்கத் தெரியும்? ராத்திரி பொணத்தோட சேத்துக் குடுத்தாங்க, அப்படியே பொட்டிக்குள்ள கெடக்கு. அன்னைக்கு மூணு மணி வரைக்குந்தான் அமாவாசை. நீ சொன்ன நேரத்தை வச்சு அமாவாசைத் திதின்னு குறிச்சோம்.” போட்டோவை விரலால் துடைத்தார். “காலையில எலை போட்டேன் தாயி. ஒரு காக்கா எறங்கலை.”

சொல்லியிருக்கலாம். ஐந்து பத்து என்றால் அமாவாசை தாண்டிவிட்டது, திதி நாளைக்கு என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் சென்னை வேலை போய்விடும்.

“எழுதிக்கிட்டேங்கய்யா. இங்கிட்டு உக்காந்து டிவில பாருங்க” என்றாள்.

வாசிக்கிற அறைக்குச் சன்னல் கிடையாது. சுவர் பூராவும் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் செத்துவிடும், உச்சிப் பகலும் இருட்டிவிடும். மேசைமேல் மட்டும் வெளிச்சம். ஏசியின் பூஞ்சை வாடை. காதுக்குள் செருகிய இயர்பீஸில் பக்கத்து அறையிலிருந்து ஆனந்தராஜ் பேசுவார். அவர் குரல் ஒன்றுதான் அதில் வர வேண்டும்.

ஒரு வருசமாக இன்னொன்றும் வருகிறது.

தினமும் சரியாக ஒன்று ஏழுக்கு, வறண்ட தொண்டையில் ஒரு பொம்பளைக் குரல்.

“மணி என்னத்தா?”

சுடர்விழி யாரிடமும் சொன்னதில்லை. காதில் செத்தவள் பேசுகிறாள் என்றால் எவன் வேலை தருவான்?

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் சொன்னாள். தண்ணீர் வராத தெரு, பள்ளிக்கூடத்து ஆண்டு விழா, வாசித்துக்கொண்டே போனாள். நடுவில் ஒரு வாடை எழுந்தது.

சேற்று வாடை. அன்றைக்குப் பறித்த நாற்றின் ஈர வாடை. அதோடு ரத்தம்.

நாகராசு மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அவருக்கு வரவில்லை போலிருக்கிறது.

மூக்காயியின் போட்டோ திரையில் வந்தது. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஏழு. காதுக்குள் குரல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் கேட்கிற மூச்சு. அது அவள் காதில் இருந்து மெல்லத் தொண்டைக்கு இறங்கியது மாதிரி இருந்தது.

“மூக்காயி அவர்கள், சென்ற ஆண்டு, பகல் ஒரு மணி ஏழு நிமிடத்துக்கு மறைந்தார்.”

வாசித்துவிட்டாள். வணக்கமும் சொல்லிவிட்டாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

“ஒரு வார்த்தை தடுக்கலை சுடரு. ஒண்ணு ஏழுன்னு அழுத்தமாச் சொன்னே” என்றார் நாகராசு.

இயர்பீஸைப் பிடுங்கி மேசையில் போட்டாள். அவ்வளவுதான், முடிந்தது, நாளைக்குச் சென்னை. கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

மதுரைவீரன் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள்பை கீழே கிடந்தது.

“அஞ்சு பத்தா?” என்றார்.

“என்னங்கய்யா?”

“இப்ப நீதான சொன்னே. அஞ்சு பத்து வரைக்கும் உசுரோட இருந்தான்னு. தேறாதுன்னு எவனோ சொன்னதை வச்சுச் செத்துட்டாள்னு வாசிச்சேன்னு. அழுதுக்கிட்டே சொன்னியே தாயி.”

“நான் சொல்லலை.”

பின்னாலேயே வந்த நாகராசு, “இல்லைங்க, ஒண்ணு ஏழுன்னுதான்...” என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்.

டிவியில் ஜவுளிக்கடை விளம்பரம் ஓட வேண்டிய நேரம். சுடர்விழியின் முகம்தான் இருந்தது. கண் இமைத்தது. கன்னம் நனைந்திருந்தது.

திறந்து கிடந்த கதவு வழியாகப் பார்த்தார்கள். உள்ளே நாற்காலி காலி. கேமரா அணைந்து கிடந்தது.

“யோவ் நாகராசு, கேமராவை நிப்பாட்டுய்யா! இங்கிட்டு எதை அமுக்குனாலும் போக மாட்டேங்கிது!” என்று பக்கத்து அறையிலிருந்து ஆனந்தராஜ் கத்தினார்.



மதுரைவீரன் டிவியைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற சுடர்விழியைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

“அப்ப நான் திரும்பாம வந்திருந்தா, பொழச்சிருப்பாளா?”

சுடர்விழி வாயைத் திறந்தாள். காற்றுக்கூட வரவில்லை.

டிவியில் இருந்த முகம் மெல்ல மதுரைவீரன் பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது. சுடர்விழியின் குரல்தான். ஆனால் அவள் ஒருநாளும் பேசாத பேச்சு.

“பொழச்சிருப்பேண்ணே.”