நான்காம் அறையின் நகல்

காலை எட்டரை மணி. இன்ஸ்பெக்டர் வந்தபோது மருந்துக் கிடங்கின் நான்காம் உறைகுளிர் அறைக் கதவை உடைத்துத் திறந்திருந்தார்கள்.

உள்ளே முதலாளி உட்கார்ந்த நிலையிலேயே விறைத்துப் போயிருந்தார்.

புருவத்தில் பனி. கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல்கள்...

முதலாளியின் தம்பி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். கிடங்கில் அண்ணனுக்கு அடுத்தபடி அவன்தான். ஏழரை மணிக்குத்தான் வீட்டை விட்டே கிளம்பியதாகச் சொன்னான். கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றான்.

"எல்லாத்துக்கும் அந்தக் குட்டி கம்ப்யூட்டர்தான் சார் காரணம். வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

ஒவ்வொரு அறை வாசலிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர். குளிரைக் கவனிப்பது, கதவைப் பூட்டுவது, யார் எப்போது திறந்தார்கள் என்று குறித்து வைப்பது எல்லாம் அதன் வேலை.

நான்காம் அறையின் கம்ப்யூட்டரில் மெமரி கார்டு இரண்டாக உடைந்து கிடந்தது.

கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பெண்ணை வரவழைத்தார்கள். கிடங்கில் அவளுக்குக் 'கார்டு அக்கா' என்று பெயர். உடைந்த துண்டுகளைப் பார்த்தாள். அறைக்குள் போய் வந்தாள்.

"கார்டு போனா என்ன சார்? ஒன்பது கம்ப்யூட்டரும் மணிக்கொரு தடவை தன்னை அப்படியே நகல் எடுத்து அனுப்பிடும். மாடியில ஒரு ஸ்டோரேஜ் பெட்டி இருக்கு. நெட்வொர்க்ல போய் அங்க சேந்துடும்."

தம்பியின் அழுகை நின்றது.

அவளும் இன்ஸ்பெக்டரும் மாடிக்குப் போனார்கள். இருபது நிமிடம்.

கீழே தம்பி மூன்று முறை தண்ணீர் குடித்தான்.

இறங்கி வந்தவள் ஒரு புதுக் கார்டை நான்காம் அறைக் கம்ப்யூட்டரில் செருகினாள். பச்சை விளக்கு கண் சிமிட்டியது... திரை உயிர்பெற்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார்.

"விடியக்காலையில வெளியிலேர்ந்து பூட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் உங்க அண்ணன் உள்ள இருக்கிற அபாய பட்டனைப் பதினாலு தடவை அழுத்தியிருக்காரு. எல்லாம் பதிவாகியிருக்கு."

"பதிவாகியிருக்கவே முடியாது."

"ஏன்?"

"அந்த பட்டனுக்குப் பின்னாடி ஒயரே இல்ல சார்..."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "ஒயரை வெட்டியிருக்குன்னு எங்களுக்கே இப்பத்தான் தெரியும். இந்த அம்மா பட்டனைக் கழட்டிப் பாத்துட்டு என் காதுல சொன்னாங்க. உங்களுக்கு யார் சொன்னது?"

தம்பியின் வாயிலிருந்து எல்லாம் தானாக வந்தது. காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி அனுப்பியது. அண்ணன் கண்டுபிடித்தது. இன்று அதிகாரிகளிடம் போகப்போவதாகச் சொன்னது.

"சொந்தத் தம்பியைப் போட்டுக் கொடுக்கறேன்னாரு சார். உள்ளேர்ந்து கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாரு... நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

கார்டு அக்கா தலை குனிந்து நின்றாள்.

மாடிப் பெட்டியில் கடைசியாகப் பதிவான நகல் பத்தொன்பது நாள் பழையது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அது தினமும் அனுப்பிய எச்சரிக்கை ஒன்றைக்கூட அவள் திறந்து பார்க்கவில்லை. இன்று காலை நடந்ததில் ஒரு வரிகூட அந்தப் பெட்டியில் இல்லை. இன்ஸ்பெக்டர் திரையில் படித்ததுபோல் சொன்னது அவனை மடக்கப் போட்ட நாடகம்.

"என் தப்புதான் சார். அவர் மட்டும் வாயைத் திறக்காம இருந்திருந்தா..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"முதல்ல அந்த டிஸ்க்கை மாத்தும்மா. ஒவ்வொரு தடவையும் குற்றவாளியே நமக்காக மனசுல நகல் எடுத்து வெச்சிருக்க மாட்டான்."