தையலுக்கு விடாத துணி

பொருந்தியிருக்கவே கூடாத பாவாடை பொருந்திவிட்டது. கொக்கி மாட்டும்போது மாபெல் மூச்சைக்கூட இழுத்துப் பிடிக்கவில்லை. ஒதிலியா பின்னாலிருந்து மகளின் இடுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். விரல் நுழைய இடமில்லை, ஆனால் சதை எங்கும் பிதுங்கவும் இல்லை. அறுபத்து நாலு சென்டிமீட்டர். போன மாதம் இதே கண்ணாடி முன்னால் நிறுத்தி டேப் பிடித்தபோது எழுபது இருந்தது. ஒரே மாதத்தில் ஆறு சென்டிமீட்டர் எங்கே போகும்?

“என்னம்மா, மலைச்சுப் போய் நிக்கிற? கழட்டட்டுமா?”

“கழட்டு. இடுப்பு குறைஞ்சிருக்கு. வாய்தான் குறையல.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு முறை டேப் பிடித்துப் பார்த்தாள்.

சால்தோ ஊரில் கடை உடுப்பு போடுகிறவர்களைக் கண்டால் ஒதிலியாவுக்கு இளக்காரம். கணவன் செத்த பிறகும் மகளுக்குக் கைக்குட்டை முதல் கோட்டு வரை எல்லாம் வீட்டுத் தையல்தான். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மாதாமாதம் வரும் தையல் இதழ் அதற்குத் துணை. அந்த வருடம் சந்தாதாரர்களுக்கென்று ஒரு சலுகை விட்டிருந்தார்கள்: அளவுச் சீட்டை நிரப்பி அனுப்பினால், அந்த உடம்புக்கென்றே துணி வெட்டும் வடிவம் வரைந்த பேட்டர்ன் தாள் இதழோடு வரும். நவம்பரில் மாபெல்லுக்குப் பதினைந்து முடிகிறது. பதினைந்தாம் பிறந்தநாள் உடையை வைத்துத்தான் ஊர் ஒரு வருடம் பேசும்.

அதனால்தான், சீட்டை எடுத்து உட்கார்ந்தவளுக்கு எழுபது என்று எழுதக் கை வரவில்லை. அறுபத்து நாலு என்று எழுதினாள். மார்பு, தோள், கை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தட்டினாள். நவம்பருக்குள் பெண்ணை இளைக்க வைத்துவிடலாம் என்று நினைப்பு. போதாததற்கு அடியில் ஒரு வரியும் சேர்த்தாள்: ‘முடிந்தவரை குறைத்துத் தரவும்.’ மகள் மீது அவளுக்கு உயிர்தான். அந்த உடம்பைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரலில் முதல் தாளாக வந்ததுதான் அந்தப் பாவாடை; மே மாதம் ரவிக்கை வந்தது, ஜூனில் கோட்டு. ஒவ்வொரு தாளிலும் எண்கள் இறங்கியிருந்தன; தைத்துப் போட்ட மறுநாளே மாபெல்லும் இறங்கியிருந்தாள். சாப்பாட்டில் குறைவில்லை, இரண்டு துண்டு இறைச்சி வறுவலைத் தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டுவாள். ஆனால் பள்ளிக்கூடச் செருப்பு தரையோடுகளில் தளக் தளக்கென்று அடித்தது. அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை. டாக்டர் தன் பழைய குறிப்பையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஜூலையில் தபால்காரர் எலிசியோ சைக்கிளை வாசலில் சாய்த்தபடி உறையை நீட்டினார். நடையில் நின்ற மாபெல்லைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, இந்தச் சின்னது யாரு தோன்யா ஒதிலியா? மாபெல்லுக்குத் தங்கச்சி இருக்கறதைச் சொல்லவே இல்லையே!”

ஒதிலியா அவர் முகத்திலேயே கதவைச் சாத்தினாள். அந்த உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாள். தையலை நிறுத்தினாள். சந்தாவை ரத்துச் செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினாள். நான்கு வரியில் பதில் வந்தது: ‘அளவு தங்கள் கைப்பட எழுதியது. சந்தா டிசம்பர் வரை. பாதியில் நிறுத்துவது எங்கள் வழக்கமில்லை. தங்கள் மகள் எங்களுக்குப் பழகிவிட்டாள்.’

புதிதாகத் தைக்காத மாதங்களில் மாபெல் சுருங்கவில்லை. வளரவும் இல்லை. பத்து வயதுப் பெண்ணின் உயரத்தில், பதினைந்து வயதுப் பெண்ணின் முறைப்போடு வீட்டுக்குள் சுற்றி வந்தாள். வெளியே யாருக்கும் காட்டாமல், அம்மை என்று சொல்லி வைத்திருந்தாள் ஒதிலியா.

“எனக்கு எப்போ உடை தைப்ப?”

“வாயை மூடிட்டுப் போய்ப் படு.”

“அவங்க அனுப்பறதெல்லாம் எனக்குச் சரியா இருக்கு. நீ தைச்சது என்னிக்காவது சரியா இருந்திச்சா? எப்பப் பாரு இங்க பிதுங்குது, அங்க தொங்குதுன்னு.”

ஒதிலியாவுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. குறைத்தவர்களால் கூட்டவும் முடியும். செப்டம்பரில் இன்னொரு அளவுச் சீட்டு எடுத்து, மார்ச் மாதத்து உண்மையான அளவுகளை ஒவ்வொன்றாக நிரப்பினாள். எழுபது. தயவுசெய்து எழுபது. நவம்பர் இதழ் வந்தால் என் பெண் எனக்குத் திரும்பிவிடுவாள் என்று நாளெண்ணினாள்.

வந்தது. விழா உடை. ஒரே துண்டு என்று போட்டிருந்தது. இணைப்புக் கடிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கார்பன் தாளை விரித்து, அதன்மேல் பேட்டர்ன் தாளை விரித்தாள். இருபது உடைகளின் கோடுகள் அதில் சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பின்னிக் கிடக்கும்; நம் எண் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு, தடம் பதிக்கும் பல் சக்கரத்தை உருட்ட வேண்டும், கண் பக்கத்துக் கோட்டுக்குத் தாவினால் போச்சு. நம் எண்ணுள்ள கோடு உடம்பின் கோடு. தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நாம்தான் வெளியே விட்டு வெட்ட வேண்டும். தைக்கிறவர்களுக்குத் தெரியும் என்று இதழில் அதை எழுதுவதே இல்லை. அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனாள், அழுத்தி உருட்டினாள், சக்கரம் மரத்தில் கிரீச்சிட்டது, நம்பிக்கை அவள் குனிந்த தலையை நிமிரவிடவில்லை.

தாளைத் தூக்கி, பின்புறம் கார்பன் பதிந்த கோட்டைப் பார்த்தபோதுதான் முழு வடிவம் தெரிந்தது. தலையணை அளவு. கழுத்து வளைவு இல்லை. கைக்குழி இல்லை. கீழ் விளிம்பு திறந்திருக்கவில்லை. சுற்றிலும் மூடிய கோடு.

கடிதத்தில் இரண்டே வரி. ‘அளவுச் சீட்டு ஒரு முறைதான் ஏற்கப்படும். தாங்கள் கேட்டபடி, முடிந்தவரை குறைத்திருக்கிறோம்.’

தாள், கடிதம், கார்பன், இதழ், எல்லாவற்றையும் அடுப்பில் திணித்தாள். சாம்பலைக் கரண்டியால் குத்திக் கிளறினாள். நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் மாபெல் நின்றிருந்தாள்.

“அது என்னோடது.”

“அப்படி ஒண்ணு வேணாம்டி. தேவதை மாதிரி வேற ஒண்ணு நானே தைச்சுத் தரேன்.”

“நீதானம்மா எழுதின, முடிஞ்சவரைன்னு,” என்றாள் மாபெல். கோபமே இல்லாமல் சொன்னாள். ஒதிலியாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மதியம் வெயில் கொளுத்தியது. ஊரே சன்னல் பலகைகளை இறக்கிவிட்டுப் படுத்திருந்தது. மகளைப் பக்கத்தில் போட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி படுத்த ஒதிலியாவுக்கு, இரவெல்லாம் விழித்திருந்த அலுப்பில், பலகை இடுக்கு வழியே சுவரில் விழுந்த வெளிச்சக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே, முற்றத்துக் கொடியில் குளவி ரீங்கரிப்பதைக் கேட்டுக்கொண்டே, கண் சொருகிவிட்டது. அந்த ரீங்காரம் தூக்கத்துக்குள்ளும் தொடர்ந்தது, நின்றது, மறுபடி தொடங்கியது, ஒரு மூலை திரும்புவதற்காக நிற்பதுபோல் நின்று, நேர்க்கோட்டில் ஓடுவதுபோல் ஓடியது. நெடுநேரம் கழித்துத்தான் அவள் மனம் அதற்குப் பெயர் வைத்தது.

தையல் மெஷின்.

கைக்குள் மணிக்கட்டு இல்லை.

நடையில் மெஷின் எண்ணெய் வாசனை. புதுச் சாட்டினின் கஞ்சி வாசனை. விழாவுக்கென்று பெட்டியில் மடித்து வைத்திருந்த சாட்டின்.

“மாபெல்?”

சத்தம் நின்றது.

சாப்பாட்டு அறைக் கதவைத் தள்ளினாள். மேசைமேல் வெள்ளைத் துணியின் மிச்சம், சாக்பீஸ் தூள், பெரிய கத்தரிக்கோல். மேசைப் பலகையில், வெளிச்சக் கோடு விழுந்த இடத்தில், பொடிப்பொடியாகப் புள்ளிகள். அவள் சக்கரம் உருட்டிய தடம். தாளை எரித்தவள் மேசையை மறந்துவிட்டாள். புள்ளிகள்மேல் சாக்பீஸ் தேய்த்திருந்தது. கழுத்து இல்லாத அந்த வடிவம் மரத்தில் வெள்ளையாக நின்றது.

மெஷின் முன்னால் நாற்காலி. தரையில் மாபெல்லின் உடுப்பு, செருப்பு.

நாற்காலியில் வெள்ளையாக ஒன்று. தலையணை அளவு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

மேல்பக்கம் ஓரிடத்தில் துணி உள்ளே குழிந்தது. உப்பியது. குழிந்தது.

“அம்மா.” சாட்டினுக்குள்ளிருந்து, பக்கத்தில், தெளிவாக. “பொருந்துதா பாரு.”

உச்சியில் விரல்கடை அளவுக்கு மட்டும் தைக்காமல் இருந்தது. உள்ளே இருட்டு. அந்த வாயின் ஓரத்தில் ஊசிமுனை ஒன்று உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பளபளத்தது. வளைந்து மறுபடி உள்ளே போனது. நூல் இறுகியது.

ஒதிலியா கத்தரிக்கோலை எடுத்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அதைப் பிடித்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. தையலைப் பிரிக்க, அலகை நுழைக்க, தையலுக்கு வெளியே விட்ட துணியைத் தேடினாள். பக்கவாட்டில். அடியில். முதுகில்.

இல்லை. எங்கும் விடவில்லை. அதை அவள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மெஷினைத் தொட்டாலே ‘துணியைப் பாழாக்காதே’ என்று விரட்டியவள். உடம்பின் கோட்டிலேயே வெட்டி, உடம்பின் கோட்டிலேயே தைத்திருந்தாள் மாபெல். மெஷின் ஊசி துணியை மட்டும் பிடிக்கவில்லை. தையல் நெடுக வெள்ளைச் சாட்டின் இளஞ்சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது.

எங்கே அலகை வைத்தாலும் மகளின் உடம்பில்தான் இறங்கும்; கத்தரிக்கோல் திறந்தபடி கையில் நின்றது.

விரல்கடை வாய் நகத்தளவு ஆனது. ஊசி வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.