ஆமை விளக்கு

“பேட்டரியே இல்லாத கார்ல போன ஞாயித்துக்கிழமை நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வந்தேன்” என்றார் டர்போ.

டர்போவின் வாயிலிருந்து இதைவிடப் பெரியதெல்லாம் வந்திருக்கிறது. முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர். பிரேக் போன வேனை ஹாரன் அடித்தே நிறுத்தியவர். ரிவர்ஸ் கியரில் ஒரு மலை முழுக்க ஏறி, உச்சியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை வெட்கித் தலைகுனிய வைத்தவர். கண்ணைக் கட்டிவிட்டால் டயரை முகர்ந்தே அது எந்த வருஷ மாடல், ஓட்டுகிறவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். எல்லாம் அவரே சொன்னதுதான். சொல்லிவிட்டு, கேட்பவர்கள் சிரிப்பதற்குள் அவரே முதலில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

இன்று சிரிக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த மீட்டருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மூன்று பேர் கொண்ட சங்கம் அது. அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது கீழ்த்தளத்தில், டர்போவின் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிளாஸ்க். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தால் உலகத்தில் ஓடுகிற, ஓடப்போகிற, ஓடாமல் நிற்கிற அத்தனை வண்டிகளும் அங்கே விசாரிக்கப்படும். சைலன்சர் பெட்ரோல் கட்சி. அவர் வாயை அடைக்க யாராலும் முடியாததால் வந்த பெயர். மீட்டர் மின்சாரக் கட்சி. ஐம்பத்தெட்டு வயதில் பேட்டரி வேலை படித்துத் தேறிய கார் எலெக்ட்ரீஷியன். பாக்கெட்டில் பேனா இல்லாமல் வருவார், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் இல்லாமல் வரமாட்டார்.

சங்கத்துக்கு இரண்டே சட்டங்கள். விவாதம் முடியும்வரை எல்லார் போனும் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்க வேண்டும். யார் என்ன பீத்தினாலும் மீட்டர் சோதித்துப் பார்த்து, ‘நடந்துச்சு’ என்று வாயால் சொன்னால்தான் அது நடந்தது. இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

டர்போவின் மனைவி, மற்ற இருவருக்கும் அண்ணி, இறந்து எட்டு மாதம் கழித்து இன்றுதான் சங்கம் மறுபடி கூடியிருந்தது. கூப்பிட்டது டர்போ.

“பேட்டரி இல்லாமலா? பெடல் போட்டீங்களாக்கும்” என்று சைலன்சர் ஆரம்பித்தார். பழைய நாட்களைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்ற ஆசை அவர் குரலில் தெரிந்தது. “புதுசா ஒரு மாடல் வந்திருக்காம், ஒரு சார்ஜுக்கு அறுநூறு கிலோமீட்டராம். ஓடும், ஓடும். இறக்கத்துல உருட்டி விட்டா ஆயிரம்கூட ஓடும்.”

வழக்கமாக மீட்டர் பாய்வார். உன் பெட்ரோலில் பாதி சூடாய்ப் போகிறது, மீதி சத்தமாய்ப் போகிறது, ஏதாவது மிஞ்சினால் சக்கரத்துக்குப் போகிறது என்பார். இன்று வாய் வரவில்லை. அவர் கண் டர்போவின் முதுகுக்குப் பின்னால் நின்ற காரில் இருந்தது. அண்ணியின் சின்ன வெள்ளைக் கார். எட்டு மாதமாக அசையாத வண்டி. அதன் டயர்களில் ஈரம்.

“பேட்டரியைக் கம்பெனிக்காரன் சோதிக்கணும்னு கழட்டிட்டுப் போனான்ல, அது இன்னும் வரல. முன்னாடி இருக்கிற சின்ன பேட்டரியையும் நானே கழட்டி வீட்டுல வச்சிருக்கேன்” என்றார் டர்போ. “சட்டப்படி சோதிச்சுப் பாருடா.”

மீட்டர் தரையில் படுத்து டார்ச் அடித்தார். சிமெண்டின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி முதுகெலும்பில் ஏறியது. காரின் அடிவயிற்றில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை பேட்டரி இருந்த இடம் நீளமாய், இருட்டாய், சுத்தமாய்த் துடைத்தெடுத்த பெட்டிபோல் காலியாகக் கிடந்தது. அறுந்த நரம்புபோல் தொங்கிய ஆரஞ்சு கேபிளின் முனையில் டேப் சுற்றியிருந்தது. பானெட்டைத் திறந்தார். சின்ன பேட்டரியின் தட்டும் காலி. மல்டிமீட்டரைக் கம்பிகளில் வைத்தார். பூஜ்யம்.

“செத்த வண்டி அண்ணே” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஓட்டுநர் இருக்கையைக் கவனித்தார். ஸ்டியரிங்கை இடிக்கும் அளவுக்கு முன்னே தள்ளியிருந்தது. அண்ணி குள்ளம். டர்போ ஆறடி.

“இதுல எப்படி உக்காந்து ஓட்டுனீங்க?”

“நான் எங்கடா ஓட்டினேன்?” என்றார் டர்போ. “நான் பக்கத்து சீட்டுல.”

சைலன்சர் முதன்முறையாகப் பெயருக்கேற்ப இருந்தார்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறேன். நாலு மணிக்கு வண்டி தானா உயிர் வந்து நிக்கும். பாலம் வரைக்கும் ஒழுங்கா ஓட்டுவா. அங்க நின்னுடும். கதவைக் கொஞ்சமா திறப்பா, திறந்துட்டு காத்திருப்பா. யாருக்கு, எதுக்குன்னு எனக்குப் புரியல. ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பக்கத்துல உக்காந்து ஓட்டக் கத்துக்கொடுத்தேன்ல, எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டாங்க. இவ மட்டும் இறங்காதேன்னா கேக்க மாட்டேங்குறா. வாரா வாரம் இறங்கிடுறா. திரும்பி வரும்போது நான் தனியாத்தான் வரேன்.” பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து பிடித்தார். “இன்னைக்கு நீ போயிட்டு வாடா.”

மீட்டர் ஏறினார். ஏறாமல் இருக்க ஒரு காரணம் தேடினார். கிடைத்த ஒரே காரணம் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை.

அது இதுதான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அண்ணி இந்தக் காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, “தம்பி, இந்த ஆமை விளக்கு வருது, போகுது, என்னன்னு பாருங்களேன்” என்றார். பேட்டரி தளர்ந்தால் திரையில் எரியும் மஞ்சள் ஆமை. மெதுவாகப் போ, சீக்கிரம் நிற்கப்போகிறேன் என்று அர்த்தம். கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகினார். ஒரு அடுக்கில் செல்கள் படுத்துக்கொண்டிருந்தன. பேட்டரியை இறக்கிப் பார்க்க வேண்டிய கோளாறு. ஆனால் இறக்கினால் நாளைக்கு ஞாயிறு. சைலன்சர் வருஷம் முழுக்க இதையே வைத்து ஊளையிடுவார். மீட்டர் பரிந்துரைத்து வாங்கிய கார், மீட்டர் கட்சியின் மானம். திங்கட்கிழமை ரகசியமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேனரில் ‘அழி’ என்பதைத் தொட்டார். ஆமை மறைந்தது.

“ஒண்ணுமில்ல அண்ணி, சென்சார். அப்படியே வந்தாலும் பதினஞ்சு கிலோமீட்டர் ஓடும். பயப்படாதீங்க.”

மறுநாள் மழையில், பாலத்தின் வளைவில் கார் நின்றது. உதவிக்கு ஆள் பார்க்க இறங்கியவரைப் பின்னால் வந்த லாரி பார்க்கவில்லை.

“உன்கிட்ட ஏதாவது கோளாறுன்னு சொன்னாளாடா?” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டர்போ கேட்டார்.

“இல்லண்ணே. எதுவும் சொல்லல.”

கதவு சாத்தியது. டர்போ சாத்தவில்லை.

திரை எரிந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்றது. ஓட்டுநர் சீட்டின் பெல்ட் சரசரவென்று நீண்டு, காற்றை அணைத்துக்கொண்டு வந்து, பூட்டில் விழுந்தது. இருக்கையின் மெத்தை லேசாக அமுங்கியது. தலைவலித் தைல வாசனை. அண்ணியின் கைப்பையில் எப்போதும் இருக்கும் அந்தப் பச்சைப் புட்டி. வேறு வண்டி எதுவும் வராத கீழ்த்தளத்தில், திரும்ப ஒரே ஒரு வழிதான் என்றாலும், இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்தது. அண்ணி அப்படித்தான். டர்போ எவ்வளவு கேலி செய்தாலும் விடமாட்டார்.

கார் சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் தட், தட் என்று இரண்டு மெல்லிய தட்டு. ஏற்றம் ஏறியதற்காக வண்டிக்கு அவர் கொடுக்கும் பாராட்டு. சமத்து, என்பார் அப்போது. இப்போது தட்டு மட்டும் கேட்டது, குரல் கேட்கவில்லை. மீட்டருக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது அழுகை.

வெளியே மழை. துணிக்கடையும் பள்ளிக்கூடச் சுவரும் பூட்டிய பட்டறைகளும் கண்ணாடியில் வழிந்து கரைய, வைப்பர் ஒரே சீராய் முனகிக்கொண்டு போக, ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டு தடவை வேகம் குறைத்து, குடை பிடித்து நடந்த ஒரு கிழவருக்காக நின்று வழிவிட்டு, எந்த அவசரமும் இல்லாத அந்தச் சின்னக் கார் பாலத்தை நோக்கிப் போனது. எண் இறங்கியது. முப்பது. இருபத்தி மூன்று. பதினாறு. மீட்டர் தன் பெல்ட்டின் பூட்டை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

பாலத்தின் வளைவு.

திரையில் மஞ்சள் ஆமை.

பதினைந்து.

எண் அதோடு நின்றது. கார் இழுத்தது. திணறியது. நின்றது. எண் மட்டும் மாறவே இல்லை. பதினைந்து, பதினைந்து என்று அவர் சொன்ன பொய்யைத் திரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் கதவு ஒரு சாண் திறந்தது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. கதவு அப்படியே நின்றது.

காத்திருந்தது.

அப்போது அடியில் அந்தச் சத்தம். பேட்டரி இருந்த காலிப் பெட்டிக்குள், தகரத்தில் ஏதோ அதிர்ந்தது. ர்ர்ர். ர்ர்ர்.

பிஸ்கட் டப்பா.

அண்ணி இறந்த அன்றும் இப்படித்தான் அதிர்ந்தது. அறுநூறு கிலோமீட்டர் பேட்டரி பற்றி மீட்டர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது. “எவன் போன்டா அது?” என்று சைலன்சர் சிரித்தார். மூடியைத் திறந்தால் விவாதத்தில் தோற்ற மாதிரி. யாரும் திறக்கவில்லை. மூன்று தடவை. மூன்றும் மீட்டரின் போன். மூன்றும் அண்ணி.

ர்ர்ர்.

இரண்டாவது தடவை.

“அண்ணி, இறங்காதீங்க. உள்ளயே இருங்க.”

கதவு அசையவில்லை. அண்ணி கேட்டது அதை இல்லை. என்ன கேட்கிறார் என்று மீட்டருக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது. வாய் திறக்கவில்லை.

மூன்றாவது தடவை.

பிறகு அடியில் மௌனம்.

பெல்ட் கழன்றது. மெத்தை எழுந்தது. கதவு முழுசாகத் திறந்தது. பின்கண்ணாடியில் இரண்டு வெளிச்சங்கள். பெரிதாயின. மீட்டர் கண்ணை மூடிக்கொண்டார். காதை மூட முடியவில்லை.

கண்ணைத் திறந்தபோது கார் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கை நனைந்து, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே சைலன்சர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். டர்போ கண்ணாடி அருகே குனிந்தார். எட்டு மாதத்தில் அவர் எவ்வளவு சின்னதாகிவிட்டார் என்பது மீட்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இறங்கிட்டாளா?”

மீட்டர் தலையாட்டினார்.

“உனக்காகவும் நிக்கலையா?” டர்போவின் முகம் உடைந்தது. “உன்கிட்ட கேட்டா தெரியும்னு நினைச்சேன்டா. சாகுறதுக்கு முந்தின ராத்திரி சொன்னா, தம்பி பாத்துட்டாரு, ஒண்ணுமில்லையாம்னு. நீ எதுவும் சொல்லலன்னே. ரெண்டுல ஒண்ணு பொய். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வீட்டுல அந்த வேலை என்னுது.”

மீட்டர் தன் பெல்ட்டை அமுக்கினார். திறக்கவில்லை.

பக்கத்தில் சரசரவென்று ஓசை. ஓட்டுநர் பெல்ட் மறுபடி நீண்டு வந்து பூட்டில் விழுந்தது. காற்றின்மேல் இறுகியது. ஏறியது. இறங்கியது. ஏறியது. ஈரத் துணிக்குள் மூச்சு வாங்குகிற மார்பைப் போல. இண்டிகேட்டர் அடிக்க ஆரம்பித்தது. டிக். டிக். முன்கண்ணாடியில் மட்டும் மழை மறுபடி, அதே பாலம் மறுபடி. திரையில் ஆமை. பதினைந்து. காலிப் பெட்டிக்குள் தகரம் அதிர்ந்தது.

ஒன்று.

“சட்டப்படி சொல்லுடா” என்றார் டர்போ. அவர் கை கண்ணாடியில் பதிந்திருந்தது. “நடந்துச்சா?”

இரண்டு.

ஓட்டுநர் பெல்ட் ஏறி, அப்படியே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல்.

“நடந்துச்சுண்ணே” என்றார் மீட்டர். “ஆமை வந்துச்சு. அண்ணி என்கிட்ட கொண்டு வந்தாங்க. நான்தான் அழிச்சேன்.”