பதினாலாம் அறை, இரண்டாம் கட்டில்

நாற்பத்திரண்டு என்று காட்டியது அந்தச் சனியன்.

பியூஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், மொத்தம் நாற்பத்திரண்டு வரிசை. இல்லத்தில் கிடப்பதோ நாற்பத்தோரு கிழடுகள். மத்தியானம் தட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கியதே அவர்தான். நாற்பத்தோரு தட்டு. தட்டு பொய் சொல்லாது. பொய் சொல்ல அதற்குப் படிப்பு வேண்டும்.

முதியோர் இல்லத்தில் ஒயர் இழுப்பது, குழாய்க்கு வாஷர் போடுவது, லிஃப்ட் நின்றால் உள்ளே மாட்டினவர்களைத் திட்டிக்கொண்டே வெளியே எடுப்பது, இவ்வளவுதான் அவர் வேலை; பியூஸ்காரர் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். காலையில் மேனேஜரம்மா கூப்பிட்டு, "இங்க இருக்கிறவங்க விவரமெல்லாம் திறக்கிற சாஃப்ட்வேர் செத்துப்போச்சு. புதுசா ஒண்ணு போடணுமாம். கம்பெனிப் பையன் போன்ல சொல்லுவான், நீங்க செஞ்சிடுங்க. ஒயர் வேலை தெரிஞ்சவராச்சே" என்றாள். ஒயர் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது படித்தவர்களுக்கே வாய்த்த முட்டாள்தனம். மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பார். ஆனால் மேலே பதினாலாம் அறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. காலையும் மாலையும் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தார். மேனேஜரம்மாவைப் பகைத்துக்கொள்ள முடியாது.

கம்ப்யூட்டர் இருந்த இடம் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. ஜன்னல் கிடையாது. மூத்திர நாற்றம் போகாத பழைய மெத்தைகள் ஒரு பக்கம், சக்கரம் கழன்ற தள்ளுநாற்காலிகள் ஒரு பக்கம், நடுவில் ஃபினாயில் டப்பாக்களோடு டப்பாவாக அந்தப் பெட்டி. வெளியே மழை பிடித்திருந்தது. தலைக்கு மேலே யாராவது படியேறும்போதெல்லாம் மரத்தட்டியிலிருந்து தூசி அவர் கழுத்தில் விழுந்தது.

போன்காரன் குரலில் பால் மணம் மாறவில்லை. "சார், நெக்ஸ்ட் கொடுங்க."

"ரெண்டு பக்கத்துக்கு என்னவோ எழுதியிருக்கானே, படிக்க வேண்டாமா?"

"அதை யாரும் படிக்க மாட்டாங்க சார். சம்மதம்னு டிக் போட்டுட்டு நெக்ஸ்ட்."

"படிக்காம சம்மதம் சொல்றதுக்கு இது என்ன கல்யாணமா தம்பி?"

போன்காரன் சிரித்தான். பிறகு டிரைவர் இல்லை, இறக்கிக்கொள்ளவா என்று திரை கேட்டது. வண்டியே இல்லாத ஊருக்கு டிரைவர் எதற்கு என்று முனகிக்கொண்டே அதற்கும் ஒரு தட்டு தட்டினார். பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்றது. சேமித்துத் தொலை.

"இதை வச்சு என்னதான் பண்ணுவீங்க?"

"சார், விவரமெல்லாம் எங்க கம்பெனி மெஷின்ல இருக்கு. இந்த டூல் ஒரு சாவி மாதிரி. அங்க இருக்கிறதை இங்கிருந்தே பாக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்."

"யார் வேணாலுமா?"

"சாவி வச்சிருக்கவங்க."

பூட்டு ஒரு இடம், சாவி ஊர் பூராவும். இதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். டெஸ்ட் கனெக்ஷன் கொடுத்தார். சரி என்று வந்தது. பட்டியல் விரிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், அறை, கட்டில், பிறந்த தேதி, ரத்த வகை, மாத்திரை, சாப்பாடு, உறவினர். ஒரு மனுஷன் எட்டுக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டான். போன்காரன் சாப்பிட்டுவிட்டு வந்து கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அப்போதுதான் அந்த நாற்பத்திரண்டைப் பார்த்தார்.

கடைசி வரிசையில் பெயர் இல்லை. தேதி இல்லை. ஒன்றும் இல்லை. இரண்டே கட்டத்தில் மட்டும் எழுத்து. அறை பதினாலு. கட்டில் இரண்டு.

பதினாலில் இரண்டு கட்டில் உண்டு. முதல் கட்டிலில் அவர் மனைவி. இன்னொன்று எட்டு மாதமாகக் காலி. விரிப்பை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றிப் போடுவார்கள்.

மனைவிதான் புலம்பிக்கொண்டிருந்தாள், மூன்று மாதமாக. கோணிய வாயால், எச்சில் ஒழுக. "பக்கத்துல ஒருத்தி படுத்திருக்கா. என்னைக் கேள்வியாக் கேக்கறா. எப்போ பொறந்தே, என்ன மாத்திரை, புருஷன் எத்தனை மணிக்கு வருவார்னு. நான் பதில் சொன்னா திருப்பிச் சொல்லிப் பாத்துக்கறா. என்னை வேற ரூமுக்கு மாத்திடுங்க."

"மாத்தறேன். அரண்மனையில ஒரு ரூம் காலியாம்" என்றார் அவர். நாற்பது வருஷமாக அவள் எதைச் சொன்னாலும் இப்படி ஒரு பதில்தான் அவரிடமிருந்து வரும். அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

குப்பை வரிசை. எவனோ அரைத்தூக்கத்தில் தட்டிவிட்டிருப்பான். பியூஸ்காரர் அம்புக்குறியை அதன்மேல் வைத்து அழி என்று கொடுத்தார். பெட்டி முக்கியது, முனகியது, அசையவில்லை. எருமை. இன்னொரு தரம் குத்தினார்.

அதற்குள் மாடியில் நாலு மணி பால் கொடுக்கும் மணி அடித்தது. எழுந்து போனார்.

நடைகூடத்தில் நனைந்த துணி வாடை. விளக்குப் போட்டும் இருட்டு விலகாத ஒரு சாயங்காலம். பதினாலின் கதவு பாதி திறந்திருந்தது. நர்ஸ் பெண் முதல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கரண்டியில் பால் எடுத்து, ஊதி, தலையணைக்கு மேலே வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வாயைத் திறங்கம்மா. அவ்வளவுதான்."

கட்டிலில் யாரும் இல்லை.

கரண்டி சாய்ந்தது. பால் விழவில்லை. விரிப்பில் ஒரு சொட்டு இல்லை. கரண்டி காலியாகத் திரும்பி வந்தது.

"எங்க அவ?" என்றார்.

"யாரு அண்ணே?"

"என் சம்சாரம்."

நர்ஸ் பெண் அவரைப் பார்த்தாள், பிறகு தலையணையைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரர் குசும்பைப் பாத்தீங்களாம்மா?" காதைச் சாய்த்து எதையோ கேட்டாள். மறுபடி சிரித்தாள். அவர் காதில் மழை மட்டும்தான் விழுந்தது.

அவர் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஐயோ அண்ணே, எந்திரிங்க! அவங்க கை மேல உக்காந்துட்டீங்க. வலிக்குதுங்கறாங்க."

எழுந்தார். மெத்தையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. வழவழவென்று, ஆள் படுக்காத மெத்தை.

எப்படிப் படியிறங்கினார் என்று அவருக்கே தெரியாது. திரையின் அடியில் எண் மாறியிருந்தது. நாற்பது. பெட்டி எருமை இல்லை. இரண்டு குத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாக இரண்டு தரமும் அழித்திருக்கிறது. குப்பை வரிசை போனதும் குறி ஒரு வரிசை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசை அவர் மனைவி.

போன்காரனைக் கூப்பிட்டார். விரல் எண்ணை மூன்று தரம் தப்பாகப் போட்டது.

"ரெண்டு போயிடுச்சு தம்பி. ஒண்ணை அழிக்கப் போயி ரெண்டு."

"கமிட் கொடுத்தீங்களா சார், மாத்தினதை நிரந்தரமாக்கற பட்டன்?"

"நான் ஒரு இழவும் கொடுக்கலை."

"அப்போ பயமே இல்ல சார். கமிட் கொடுக்காதவரைக்கும் உங்க கண்ணுக்கு மட்டும்தான் இருக்காது. மத்தவங்களுக்கெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும்."

பியூஸ்காரர் அண்ணாந்து மரத்தட்டியைப் பார்த்தார்.

"ரோல்பேக் கொடுங்க சார், அழிச்சது திரும்பி வந்துடும்."

"அதுல ஒண்ணு மட்டும் வேணும். இன்னொண்ணு வேண்டாம்."

"அழிச்சதெல்லாம் சேர்ந்துதான் சார் வரும்."

சேர்ந்துதான் வரும். குறியை ரோல்பேக்கின்மேல் கொண்டுபோய் வைத்தார். திருப்பிச் சொல்லிப் பாத்துக்கறா. தலைக்கு மேலே யாரோ படியேறினார்கள். தூசி விழுந்தது. கொடுத்தார்.

நாற்பத்திரண்டு. அவள் பெயர் வந்திருந்தது. அந்தப் பெயரை அவர் கூப்பிட்டே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. மேலே போய் அறையை மாற்றிவிட வேண்டும். இன்றைக்கே. மேனேஜரம்மா காலில் விழுந்தாவது.

பிறகுதான் கீழ் வரிசையைப் பார்த்தார்.

பெயரில்லாத வரிசையில் ரத்த வகை எழுதியிருந்தது. முன்னே அது இல்லை. மேலே, அவர் மனைவியின் வரிசையில், ரத்த வகைக் கட்டம் காலியாக இருந்தது.

"தம்பி, நீ எதையாவது மாத்தறியா?"

"இல்லையே சார். ரிஃப்ரெஷ் கொடுங்க."

கொடுத்தார். பிறந்த தேதி கீழே வந்திருந்தது. மேலே காலி.

"அந்தக் கீழ் வரிசையை அழி. நீயே அழி, இப்பவே."

தட்டும் சத்தம் கேட்டது. "விடமாட்டேங்குது சார். வேற யாரோ அதைத் திறந்து வச்சுத் திருத்திக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு கட்டமா மாத்தி மாத்தி கமிட் கொடுக்கறாங்க."

"யாரு?"

"ரெண்டு இணைப்பு காட்டுது சார். ஒண்ணு நீங்க. இன்னொண்ணும் உங்க கட்டடத்துலதான். பேர் இல்ல. பதினாலுன்னு மட்டும் இருக்கு. நர்ஸ் யாராவது மொபைல்ல திறந்திருப்பாங்க."

சாவி வச்சிருக்கவங்க.

ரிஃப்ரெஷ். மாத்திரை கீழே வந்துவிட்டது.

"அந்த இணைப்பை வெட்டுடா!"

"வெட்டிட்டேன் சார்." போனில் இன்னும் இரண்டு தட்டு. "மறுபடி வந்துடுச்சு."

ரிஃப்ரெஷ். சாப்பாடு: பால், கூழ் பதம், கரண்டியால். கீழே.

ரிஃப்ரெஷ். உறவினர்: கணவர். அவருடைய பெயர். அவருடைய போன் நம்பர். கீழே. யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு வரிசை கீழே இழுத்த மாதிரி இருந்தது.

நாற்பது வருஷம் மின்சாரத்தோடு மல்லுக்கு நின்ற கை தானாக நீண்டது. எது கெட்டாலும் மெயினை அணை. பிளக்கைப் பிடித்து, சுவரோடு பெயர்வதுபோல் இழுத்தார். திரை செத்தது. பொந்து இருண்டது. போனின் வெளிச்சம் மட்டும்.

"நின்னுடுச்சா?"

"உங்க இணைப்பு போயிடுச்சு சார்."

"இன்னொண்ணு?"

"இன்னும் இருக்கு. இப்போ பெயரைத் தொடுது."

போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. படிகள். மேல் தளம். நடைகூடம். அவருடைய செருப்புச் சத்தம். பத்து. பன்னிரண்டு. அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். சத்தமாக. பாதியில் வாய் நின்றது. அடுத்த எழுத்து என்ன? வரவில்லை.

பதினாலு.

நர்ஸ் பெண் இரண்டாம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கரண்டியில் பால்.

"வாங்க அண்ணே. அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

இரண்டாம் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். அதே நரை. அதே மூக்கு. உதட்டில் பால். அவரைப் பார்த்துச் சிரித்தாள். வாய் கோணவில்லை.

"என்னங்க" என்றாள். அவளுடைய குரல். ஒரு வருஷமாகக் குழறிய குரல், துளிகூடக் குழறாமல். "என்னங்க." திருப்பிச் சொன்னாள். சொல்லிப் பார்த்தாள்.

அவர் முதல் கட்டிலைக் கை காட்டினார்.

"அதா? அது எட்டு மாசமா காலிதானே அண்ணே" என்றாள் நர்ஸ் பெண்.

விரிப்பு தட்டையாகக் கிடந்தது. தலையணையில் மட்டும் ஒரு பள்ளம். ஒரு தலை அளவுக்கு.

இரண்டாம் கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி.

அவர் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளம் அசைந்தது. அவர் பக்கமாகப் புரண்டது. அதன் ஓரத்தில், வெள்ளைத் துணியில், ஈரம் ஒரு பொட்டாக ஊறியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.